பழைய பலகையில் பெயர்ப்பலகை: முகத்தில் கை வைக்காதீர்கள்

கேள்வி: சரக்கு ஏற்றும் பேலட் ஒன்றைப் பிரித்து ஐந்தாறு பலகை எடுத்து வைத்திருக்கிறேன். பழைய கதவிலிருந்து கழற்றிய தடித்த பலகை ஒன்றும் இருக்கிறது. இவற்றைச் சேர்த்து, நடு அறைச் சுவரில் மாட்ட ‘முன்றில்’ என்று வீட்டின் பெயரை எழுத ஆசை. ஒரு துண்டில் சோதித்துப் பார்த்தேன். உப்புத்தாளில் தேய்த்ததும் பழைய சாம்பல் நிறம் போய் மரம் புதிதாக வெளுத்துவிட்டது. தேய்க்காத இன்னொரு துண்டில் ஸ்டென்சில் வைத்து எழுதினேன், எழுத்தின் ஓரமெல்லாம் பெயிண்ட் கசிந்துவிட்டது. எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான். நீங்கள் தேய்த்து எடுத்த அந்தச் சாம்பல் நிறம் அழுக்கு அல்ல. மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது, மழை கழுவிக்கொண்டு போகிறது. பிடிப்பு விட்டுப்போன செல்லுலோஸ் நார்தான் சாம்பலாக மேலே நிற்கிறது. பல வருடம் வெளியில் கிடந்தாலும் இந்த அடுக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. உப்புத்தாள் நாலு இழுப்பில் அதைத் தின்றுவிடும். தேய்க்காமல் விட்டாலோ, அதே தளர்ந்த நார்கள் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் பெயிண்டை நீளவாக்கில் இழுத்துக்கொள்ளும்.

அதனால் பழைய மரத்தில் வேலை செய்யும்போது நான் வைத்திருக்கிற சட்டம் இது: அறுப்பது, இழைப்பது, திருகுவது எல்லாம் பின்பக்கத்திலும் ஓரங்களிலும். பலகையின் முகத்துக்கு, அதாவது பார்வைக்குத் தெரியும் முன்பக்கத்துக்கு, பிரஷும் ஈரத்துணியும் மட்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: இந்த மரம் வீட்டுக்குள் வரலாமா? பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். பன்னாட்டுச் சரக்கில் போகும் மரத்துக்கு இடும் முத்திரை அது. அதில் எச்.டி. (HT) என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றியிருக்கிறார்கள் என்று பொருள்; தாராளமாக எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டிய மரம், அதை ஒதுக்கிவிடுங்கள். எச்.டி. முத்திரை இருந்தாலும் எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ அடித்தால் எடுக்காதீர்கள், அந்தப் பேலட்டின் மேல் என்ன கொட்டியது என்பதை முத்திரை சொல்லாது. இலேசான பச்சைச் சாயல் உள்ள தோட்டக் கட்டைகளில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏறியிருக்கலாம். தார் வாடை வீசும் ரயில் கட்டையில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் இருக்கும். இரண்டும் வீட்டுக்குள் வேண்டாம்.

கதவுப் பலகையில் பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அமெரிக்காவே 1978இல்தான் வீட்டுப் பெயிண்டில் நச்சு உலோகமான ஈயத்தைத் தடை செய்தது, பல நாடுகளில் அதற்குப் பிறகும் நீடித்தது. ஆகவே வயது தெரியாத பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. உரிந்து நிற்கும் செதில்களைத் தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பின் மேலே மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஒரு கோட் கொடுத்து மூடிவிடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அந்தப் பலகையே வேண்டாம்.

சின்ன ஓட்டைகளிலிருந்து மாவு போல் தூள் கொட்டுகிறதா என்பதையும் பாருங்கள். கறுப்புத் தாளின் மேல் பலகையை இரண்டு வாரம் வைத்தால் தெரிந்துவிடும். புதிதாகத் தூள் விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது, போரான் கலந்த மருந்து ஊட்டிய பிறகே உள்ளே எடுக்க வேண்டும். பழைய ஓட்டை மட்டும் என்றால் அதுவே ஒரு அழகு. விரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு இற்றுப்போன மரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அது திருகைப் பிடிக்காது.

சுத்தம் செய்வது எளிது. விறைப்பான நைலான் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், சொட்டு சோப்பு. நார் ஓடும் திசையிலேயே தேய்த்து, நிழலில் சாய்த்து வையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம்: உதிரும் இரும்புத் துணுக்கு டானின் என்ற, மரத்திலேயே இருக்கும் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்புப் புள்ளிகளாகும். பிறகு பலகை மாட்டப்போகிற அறையிலேயே இரண்டு வாரம் கிடக்கட்டும். சமையலறைத் தராசில் ஒரு துண்டை நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைவது நின்றால் மரம் அந்த அறைக்குப் பழகிவிட்டது.

பேலட் ஆணிகளை நெம்பிப் பிடுங்காதீர்கள். பெரும்பாலும் அவை வளையமோ முறுக்கோ உள்ள ஆணிகள், வரமாட்டேன் என்று அடம்பிடித்துப் பலகையையும் பிளந்துவிடும். பலகைக்கும் கட்டைக்கும் இடையில் ஹாக்சா பிளேடை விட்டு ஆணியை அறுத்து, தலையைப் பலகையிலேயே விட்டுவிடுங்கள். துரு ஏறிய அந்தத் தலைகள் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அறுக்கப்போகும் கோட்டின் மேல் மட்டும் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒளிந்திருக்கும் ஓர் ஆணி போதும், வாளின் பல் முழுக்கப் போய்விடும். அறுக்கும்போது தூசுக்கு முகக்கவசம் கட்டாயம்.

அறுத்த முனைகள் வெள்ளை வெளேரென்று நின்று காட்டிக்கொடுக்கும். அதற்கு ஒரு பழைய வித்தை உண்டு. ஒரு கண்ணாடிக் குப்பியில் வினிகர் ஊற்றி, மெல்லிய இரும்பு நார் (ஸ்டீல் உல்) ஒரு உருண்டை போட்டு இரண்டு நாள் விடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு கிளம்பும். பைன் போன்ற டானின் குறைந்த மரமாக இருந்தால் முதலில் திக்கான தேயிலைச் சாற்றை வெட்டுமுனையில் தடவிக் காயவிட்டு, அதன்மேல் இந்த இரும்புச் சாற்றைச் சின்ன பிரஷால் பூசுங்கள். தேயிலையின் டானினும் இரும்பும் சேர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் கறுப்பாக மாறும். மரத்துக்கு மரம் நிறம் வேறுபடும், கழிவுத் துண்டில் சோதிக்காமல் பூசாதீர்கள். பலகையின் முகத்தில் ஒரு சொட்டு தெறித்தாலும் கறை போகாது.

இனி சேர்ப்பது. எல்லாப் பலகையையும் ஒரே மட்டத்துக்கு இழைக்க நினைக்காதீர்கள். கதவுப் பலகை தடிமன் என்கிறீர்கள், அதையே நடுவில் வைத்து முன்னால் துருத்தி நிற்க விடுங்கள். பெயர் அதன்மேல் வரட்டும். மேலும் கீழும் பேலட் பலகைகள். கதவுப் பலகைக்கான இடத்தை மட்டும் பள்ளமாக விட்டு, மற்ற பலகைகளை அட்டைத் துண்டு முட்டுக் கொடுத்துக் கவிழ்த்து அடுக்குங்கள், எல்லாவற்றின் முதுகும் ஒரே மட்டத்துக்கு வரும். பின்னால் குறுக்காக இரண்டு ரீப்பர் கட்டைகளைத் திருகுங்கள். பசை வேண்டாம். மரம் அகலவாக்கில் ஈரத்துக்கு விரியும், வறட்சிக்குச் சுருங்கும், 100 மி.மீ. அகலப் பலகை ஒரு மி.மீ. வரை அசையும். பசை போட்டுக் கட்டினால் ஏதோ ஒரு வறண்ட மாதத்தில் ‘டப்’பென்று பிளக்கும். பலகைக்குப் பலகை ஒரு நாணயத்தின் கனம் இடைவெளி விடுங்கள். 18 மி.மீ. பலகையும் 20 மி.மீ. ரீப்பரும் என்றால் 30 மி.மீ. திருகு சரி, 40 போட்டால் முகத்தில் முனை எட்டிப் பார்க்கும். முதலில் சன்னமாகத் துளை போடாமல் பழைய மரத்தில் திருகை ஏற்றினால் வெடிப்பு நிச்சயம்.

எழுத்துக்கு வருவோம், உங்கள் உண்மையான சிக்கல் இங்கேதான். பெயர்ப்பலகைத் தொழிலில் மூன்று மீட்டர் தூரத்துக்கு 25 மி.மீ. உயர எழுத்து என்று ஒரு கணக்கு உண்டு. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கானது. தமிழ் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம், பலகையோ கரடு. அந்தக் கணக்கை மறந்துவிட்டு எழுத்தின் உடல் 100 மி.மீ. வருகிற மாதிரி வையுங்கள். ‘றி’யின் கொக்கியும் புள்ளிகளும் அதற்கு மேலே போகும், ‘மு’வின் வளைவு கீழே இறங்கும். பலகையின் நடுக்கோட்டில் எழுத்தை வைத்துவிட்டுப் பிறகு கொக்கிக்கு இடம் தேடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முழுச் சொல்லையும் தாளில் எழுதி, சுவரில் ஒட்டி, எட்ட நின்று பாருங்கள். கதவுப் பலகையின் அகலத்துக்குள் அடங்காவிட்டால் எழுத்தைச் சுருக்குங்கள், அடுத்த பலகைக்கு இழுக்காதீர்கள்.

ஸ்டென்சில் வெட்டும்போது ‘ம’, ‘ன’ போன்ற எழுத்துகளின் உள்ளே இருக்கும் மூடிய வெளி துண்டாக விழுந்துவிடும். அதைப் பிடித்து நிற்க மெல்லிய பாலம் இரண்டு விட்டு வெட்டுங்கள், பெயிண்ட் அடித்த பிறகு பாலம் இருந்த இடத்தைச் சின்ன பிரஷால் இணைத்துவிடலாம். ஒட்டும் வினைல் ஸ்டென்சில் இருந்தால் நல்லது. ஆனால் கரடான மரத்தில் அதன் ஓரம் முழுசாகப் படியாது, கசிவு அங்கேதான் தொடங்குகிறது.

கசிவைத் தடுக்க, ஸ்டென்சிலை ஒட்டி அழுத்திய பிறகு, முதலில் பெயிண்டைத் தொடாமல், நிறமற்ற மேட் அக்ரிலிக் வார்னிஷை எழுத்தின் திறப்புகளில் மட்டும் தட்டித் தட்டி வையுங்கள். கசிய வேண்டியது இதுவே கசிந்து, நார் இடுக்குகளையும் ஸ்டென்சில் ஓரத்தையும் அடைத்துவிடும். நிறம் இல்லாததால் கசிந்தது கண்ணை உறுத்தாது. நன்றாகக் காய்ந்ததும் பெயிண்ட். அதில் தண்ணீர் கலக்காதீர்கள். குட்டையான ஸ்டென்சில் பிரஷை நுனியில் மட்டும் தொட்டு, துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, செங்குத்தாகத் தட்டுங்கள். இழுக்கக் கூடாது. பிரஷில் பெயிண்டே இல்லையோ என்று சந்தேகம் வர வேண்டும், அதுதான் சரியான அளவு. இரண்டு மூன்று சுற்றில் நிறம் ஏறும். கடைசிச் சுற்று முழுக்க இறுகும் முன்பே ஸ்டென்சிலை மெதுவாக உரித்துவிடுங்கள்.

வெள்ளை எழுத்து என்றால் கூடுதலாக ஒரு வேலை. சில மரங்களின் டானின் சில நாளில் மஞ்சள் பழுப்பாக ஊறி மேலே வரும். வார்னிஷுக்குப் பதில் ஷெல்லாக் (அரக்கு) பிரைமரை அதே திறப்புகளில் தட்டினால் அது நின்றுவிடும்.

‘முன்றில்’ என்பதில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. அவற்றைப் பெயிண்டில் வைக்காமல், அகலத் தலை உள்ள இரண்டு பித்தளை ஆணிகளை அடித்துவிடுங்களேன். நான் முதன்முதலில் அப்படிச் செய்தது பெயிண்ட் புள்ளி கசிந்து அசிங்கமானதை மறைக்கத்தான். இப்போது வேண்டுமென்றே செய்கிறேன்.

ஒரு நாள் காய்ந்த பின், எழுத்து ரொம்பப் புதிதாகத் தெரிந்தால் 220 எண் உப்புத்தாளை எழுத்தின் மேல் மட்டும் நார் திசையில் லேசாக ஓட்டலாம். பலகையில் மேடு இருக்கும் இடத்தில் மட்டும் தேயட்டும், பள்ளத்தில் பெயிண்ட் அப்படியே நிற்க வேண்டும். இயற்கையாகத் தேய்வது அப்படித்தான். எங்கும் ஒரே சீராகத் தேய்த்தால் செயற்கை என்று தெரிந்துவிடும்.

மேல்பூச்சு? வீட்டுக்குள் மாட்டுகிற பலகை என்பதால், பழைய பெயிண்டை மூடத் தேவைப்படும் இடம் தவிர, பூசாமலே விடுவேன். பூசியே ஆக வேண்டுமென்றால் பின்பக்கத்தில் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெயோ வார்னிஷோ பூசினால் நிறம் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கறுக்கும். பளபளக்கும் வார்னிஷ் பூசினால் பிளாஸ்டிக் பலகை போலாகிவிடும். ஆளி விதை எண்ணெய் பயன்படுத்தினால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயவையுங்கள்.

மாட்டும்போது அலங்காரச் சணல் கயிற்றின் மேல் எடையை விடாதீர்கள். 900க்கு 300 மி.மீ. பலகை ரீப்பரோடு சேர்த்து நான்கு கிலோவை ஒட்டி வரும். ரீப்பர்களின் மேல்பகுதியில் ஆளுக்கொரு டி (D) வடிவ வளையம் திருகி, சுவரில் இரண்டு இடத்தில் 6 மி.மீ. சுவர்ப் பிளக் ஒன்றும் திருகு ஒன்றும் போடுங்கள். கயிறு வேண்டுமென்றால் முன்னால் சும்மா தொங்கட்டும். வளையம் இருக்கும் கனத்துக்குப் பலகை முன்னால் சாயும், கீழ் மூலைகளில் ரப்பர் பொத்தான் இரண்டு ஒட்டினால் நேராக நிற்கும், பின்னால் காற்றும் போய்வரும்.