டொமைன் மாறினால் கூகுளில் பிடித்த இடம் போய்விடுமா?

கேள்வி: வேர்ட்பிரஸில் தமிழ்ச் சமையல் குறிப்புத் தளம் நடத்துகிறேன். புது டொமைனுக்கு மாறப் போகிறேன். "பழைய பக்கங்களை எல்லாம் புது முகப்புக்குத் திருப்பினால் போதும், பழைய டொமைனைப் புதுப்பிக்க வேண்டாம், முகவரிகளை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம்" என்கிறார் தளம் அமைத்துத் தருபவர். கூகுளில் என் இடம் தங்குமா?

பதில்: அவர் சொல்வதைக் கேட்டால் தங்காது.

ஒவ்வொரு பழைய பக்கமும் அதே குறிப்பு உள்ள புதுப் பக்கத்துக்கே போக வேண்டும். வத்தக்குழம்பு தேடி வந்தவரை முகப்பில் கொண்டு நிறுத்தினால், பக்கமே இல்லை என்றுதான் கூகுள் எடுத்துக்கொள்ளும். திருப்புவது 301 என்ற வகையாக இருக்கட்டும், அதுதான் நிரந்தர மாற்றம் என்று கூகுளுக்குச் சொல்வது. முறையாகச் செய்தாலும் தேடலில் உங்கள் இடம் சில வாரம் ஏறி இறங்கும். பதறி எதையும் மாற்றாதீர்கள்.

தமிழ் முகவரிகளைத் தொடவே வேண்டாம். வாசகர்களின் மொழியில் முகவரி வைக்கச் சொல்வது கூகுளேதான். டொமைன் மட்டும் மாறி மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் ஒரே ஒரு திருப்பல் விதியில் வேலை முடியும். ஆங்கிலத்துக்கு மாற்றினால் பக்கத்துக்கு ஒரு விதி எழுதியாக வேண்டும். அங்கேதான் தமிழ்த் தளங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 எழுத்திடம். 'கு' என்ற ஒரே எழுத்து உள்ளே குறியீடாக மாறி 18 இடத்தைத் தின்றுவிடும். அதனால் நீளமான தலைப்புகள் முகவரியில் பாதியிலேயே வெட்டுப்பட்டிருக்கும். தலைப்பைப் பார்த்துப் பட்டியல் போட்டால் பொருந்தாது, தளத்தின் பக்க முகவரிகள் அடங்கிய சைட்மேப் கோப்பிலிருந்து எடுங்கள். உங்கள் தளம் அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் ஓடினால் இன்னொரு சிக்கல்: பிரவுசரிலிருந்து முகவரியை நகலெடுத்தால் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக வரும், அதை விதியில் ஒட்டினால் வேலை செய்யாது. தமிழ் எழுத்தாகவே எழுத வேண்டும். இத்தனை காலமாகியும் நம் எழுத்துக்கு இந்தப் பாடு என்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பழைய டொமைனைக் கைவிடவே கூடாது. திருப்பத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தவரை வைத்திருங்கள் என்பேன் நான். காலாவதியானால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், சூதாட்டத் தளக்காரர்கள் உட்பட. அதைவிட முக்கியம், டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். இடைத்தரகர்கள் சிலர் தங்கள் பெயரில் பதிந்துகொண்டு, நீங்கள் விலகும்போது பேரம் பேசுவார்கள். டொமைன் கணக்கின் கடவுச்சொல் உங்கள் கைக்கு வராமல் தளம் அமைப்பவருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

திருப்பம் வேலை செய்யத் தொடங்கியதும் தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தைத் தெரிவியுங்கள். புதுத் தளத்தின் வேர்ட்பிரஸ் அமைப்புகளில், தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சோதனைக் காலத்தில் போட்டதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.