வேலையை விடும் முன் ஒரு பருவம்

அன்புள்ள அம்மா,

நேற்று நீங்கள் கண் கலங்கிப் பேசிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். உங்கள் மகள் கணக்கியலில் முதுகலை முடித்தவள், எபேனில் நான்கு வருடமாக நிரந்தர வேலை. அதை உதறிவிட்டு விரிவுரையாளராகப் போகிறேன் என்றால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் தடுக்காதீர்கள். வேலையை விடாமலேயே இதில் கால் வைக்க வழி இருக்கிறது.

ரெத்வீயில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நிரந்தரப் பணியிடம் எப்போதாவதுதான் வரும். முதுகலையோடு உள்ளே போனாலும் மேலே ஏற முனைவர் பட்டம் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் நாலைந்து வருடமாவது ஆகும். ஆனால் பகுதி நேர விரிவுரையாளர்களை ஒரு பருவத்துக்கென்று, அதாவது ஒரு செமஸ்டருக்கு, எடுப்பார்கள், மணிக்கணக்கில் சம்பளம். மாலை வகுப்பு கிடைத்தால் அலுவலகம் முடிந்து போகலாம்.

இன்னொரு வழி பயிற்றுநர் வேலை. நம் நாட்டில் நிறுவனங்கள் பயிற்சி வரி கட்டுகின்றன. அங்கீகாரம் பெற்ற பயிற்சிக்குச் செலவழித்தால் எச்.ஆர்.டி.சி. என்ற மனிதவள மேம்பாட்டு அமைப்பு அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. அதனால் பயிற்சி மையங்கள் எம்.க்யூ.ஏ. என்ற தகுதி அங்கீகார அமைப்பில் பதிவு செய்த பயிற்றுநரைத்தான் தேடும். அந்தப் பதிவுக்குச் சான்றிதழோடு வேலை அனுபவமும் கேட்பார்கள். மகளுடைய நான்கு வருடம் அங்கேதான் கை கொடுக்கும்.

என் கவலை வேறு. பாடம் தெரிவது ஒன்று, சொல்லிக்கொடுப்பது ஒன்று. இங்கே பாடம் ஆங்கிலத்தில், சந்தேகம் நம் பேச்சுமொழியான கிரியோலில். புதிதாக வருபவர்கள் பலகையைப் பார்த்தே பேசிவிட்டு, கடைசியில் திரும்பி ‘ஸொட் கொம்ப்ரான்?’ (புரிந்ததா?) என்பார்கள். எல்லோரும் ‘வி’ (ஆமாம்) என்று தலையாட்டுவார்கள். பின் வரிசைப் பையனின் நோட்டில் தேதியைத் தவிர ஒன்றும் இருக்காது. அப்படிக் கேட்காமல் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு மேசை மேசையாக நடக்க வேண்டும். இது ஒரு பருவம் நின்று பார்த்தால்தான் பிடிபடும். பிடிக்கிறதா என்பதும் அப்போதுதான் அவளுக்கே தெரியும்.

சரி, சனிக்கிழமை அவளை அனுப்புங்கள். சான்றிதழ்களோடு பதினைந்து நிமிடப் பாடம் ஒன்றும் தயார் செய்து வரட்டும். தேய்மானம் போதும்: ஃபிளாக் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வேன் ஒன்று, வாங்கிய விலை, ஐந்து வருடம் ஓட்டிய பின் அதன் மதிப்பு. நான் மாணவனாக உட்கார்ந்து கேட்கிறேன். முடிந்தால் நீங்களும் வாருங்கள்.