கடற்கரை நீரில் இருக்கும் பாக்டீரியா கார்பனை என்ன செய்கிறது?

கேள்வி: கடல் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறது என்று படித்தேன். ஆனால் ஆற்று முகத்துவாரங்கள் அதை வெளியே விடுகின்றன என்றும் சொல்கிறார்கள். எது சரி? பாக்டீரியாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டுமே சரிதான். உலகிலுள்ள கரையோரக் கண்டத்திட்டுக் கடல்களை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்பகுதிகளை, மொத்தமாக எடுத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 20 முதல் 25 கோடி டன் கார்பனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அதே கரையில் ஆறு வந்து கலக்கும் முகத்துவாரங்களோ பெரும்பாலும் வெளியேதான் விடுகின்றன. இந்த வித்தியாசத்துக்கு முக்கியமான காரணம் பாக்டீரியாவின் சுவாசம். கடல் நுண்ணுயிர் ஆய்வகம் ஒன்றில் இந்த அளவுகளை எடுக்கும் வேலையில் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

கரையோரக் கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். அந்தக் காலத்தில் அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் வளர்த்து எண்ணியதால் இது யாருக்கும் பிடிபடவில்லை. கடல் பாக்டீரியாவில் தட்டில் வளர்வது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. 1977-இல் ஹாபி என்ற ஆய்வாளரின் குழுவினர் நீரை 0.2 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் வடித்து, அக்ரிடின் ஆரஞ்சு சாயமேற்றி, ஒளிர்வு நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணும் முறையைக் கொடுத்த பிறகுதான் உண்மையான கூட்டம் கண்ணில் பட்டது. அதற்கு முன்பே, 1974-இல், கடலில் நடக்கும் சுவாசத்தில் பெரும்பகுதி மீனுடையது அல்ல, நுண்ணுயிர்களுடையது என்று பொமராய் என்ற ஆய்வாளர் எழுதியிருந்தார். 1983-இல் ஃபரூக் அசாமும் சக ஆய்வாளர்களும் இதையெல்லாம் சேர்த்து 'நுண்ணுயிர் வளையம்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். மிதவைப் பாசிகள் தயாரிக்கும் கார்பனில் கணிசமான பங்கு, சில இடங்களில் பாதி வரைகூட, நீரில் கரைந்து பாக்டீரியாவிடம் போகிறது. அந்தப் பாக்டீரியாவை ஒருசெல் உயிரிகள் தின்கின்றன, அவற்றை இன்னும் பெரியவை தின்கின்றன.

பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. தோராயமாக 600 டால்டனுக்குக் (மூலக்கூறு எடையின் அலகு) குறைவான மூலக்கூறுகள்தான் அதன் வெளிச்சவ்வின் துளைகள் வழியே உள்ளே நுழையும். சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவை அப்படியே போய்விடும். புரதம், மாவுப்பொருள் எல்லாம் பெரியவை. அதனால் நொதிகளைச் செல்லுக்கு வெளியே வைத்துத் துண்டாக்கி, பிறகு உள்ளே இழுக்கிறது.

உள்ளே போன கார்பனுக்கு இரண்டு வழி உண்டு. ஒரு பங்கு உடம்பாகிறது, அது வளர்ச்சி. மற்றது ஆற்றலுக்காக எரிந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது, அது சுவாசம். உள்ளே போனதில் எத்தனை சதவீதம் உடம்பாகிறது என்பதை வளர்ச்சித் திறன் என்கிறோம். 1998-இல் டெல் ஜியோர்ஜியோவும் கோலும் பல நீர்நிலைகளின் அளவுகளைத் திரட்டிப் பார்த்தபோது இது 5 சதவீதத்துக்குக் கீழிருந்து 60 சதவீதம் வரை போனது. திறந்த கடலில் சுமார் 15, முகத்துவாரங்களில் சுமார் 30. ஆக, எங்கே பார்த்தாலும் தின்றதில் பாதிக்கு மேல் பெரும்பாலும் மூச்சாகத்தான் போகிறது. இலைதழை மக்கிய பொருளில் கார்பன் நிறைய, நைட்ரஜன் குறைவு. பாக்டீரியாவின் உடம்புக்கோ 5 கார்பனுக்கு 1 நைட்ரஜன் என்ற கணக்கில் வேண்டும். மிஞ்சிய கார்பனை எரித்துத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். வளர்ச்சியை அளந்து எழுதிய கட்டுரைகள் ஏராளம், சுவாசத்தை அளந்தவை அதில் ஒரு சிறு பங்குதான். காரணம், வளர்ச்சியை அளப்பது சுலபம். டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய லியூசினை (ஓர் அமினோ அமிலம்) சேர்த்து ஒரு மணி நேரம் வைத்தால், புரதத்தில் எவ்வளவு ஏறியது என்று கருவி சொல்லிவிடும். சுவாசத்துக்கு, இருட்டில் 24 மணி நேரம் பாட்டிலை வைத்து, முன்னும் பின்னும் ஆக்சிஜனை அளக்க வேண்டும். அதற்கு இன்றும் பலர் நம்புவது 1888-இல் விங்க்லர் சொன்ன முறையை. குழாயைப் பாட்டிலின் அடி வரை விட்டு, நீர் நன்றாக வழிந்தோட விடுவோம். ஒரு குமிழி தங்கினாலும் அந்த மாதிரி வீண். மாங்கனீஸ் கரைசலும் காரம் கலந்த அயோடைடும் விட்டதும் பழுப்பாகத் திரண்டு அடியில் படியும். ஆக்சிஜனே இல்லாத நீர் என்றால் வெள்ளையாகவே இருக்கும். அமிலம் விட்டால் வீழ்படிவு கரைந்து மஞ்சளாகும். பிறகு பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்ப்போம். நீலம் வரும். அது மறையும் அந்த ஒரு சொட்டில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது; அதுவரை செலவான தயோசல்பேட்டை வைத்துத்தான் ஆக்சிஜனைக் கணக்கிடுகிறோம். வெப்பமான ஆற்று நீர் ஒரு லிட்டரில் 240 மைக்ரோமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்கும். மூச்சில் குறைவது நாளுக்கு 20 மைக்ரோமோல் என்றால், இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும்; பலர் தவிர்க்கிறார்கள்.

அளந்தால் என்ன தெரியும் என்பதற்குக் கோதாவரி நல்ல உதாரணம். ஏனாம் வழியாகக் கடலுக்குப் போகும் கௌதமி கோதாவரிக் கிளையில் 18 மாதம் தொடர்ந்து எடுத்த அளவுகள் 2011-இல் வெளிவந்தன. வறண்ட மாதங்களில் நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 500 மைக்ரோ அட்மாஸ்பியருக்குக் கீழே. அதாவது காற்றில் இருப்பதற்கு அதிக தூரமில்லை. தென்மேற்குப் பருவமழையில் தவளேஸ்வரம் அணையிலிருந்து (கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன்தான் அங்கேயும் முதலில் அணை கட்டியவர்) வெள்ளம் வரும்போது அது 30,000 வரை ஏறியது. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச்., 7.8-க்கு மேல் இருந்தது, 1.5 குறைந்தது (பி.எச். குறைந்தால் அமிலத்தன்மை கூடும்). கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு 30 மடங்கு கூடியது என்று பொருள். பாக்டீரியாவின் சுவாசம் மட்டும் ஒரு லிட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 20 மைக்ரோமோல் கார்பன்.

வெள்ளம் மண்ணையும் மக்கிய பொருளையும் கொண்டுவந்து கொட்டுகிறது, பாக்டீரியாவுக்குத் தீனி. அதே நேரம் நீர் கலங்கி வெளிச்சம் உள்ளே இறங்காததால் பாசிகள் வளர முடியவில்லை. எடுப்பவர் இல்லை, விடுபவர் மட்டும் இருக்கிறார். மழை ஓய்ந்து நீர் தெளிந்ததும் பாசிகள் தலையெடுக்கின்றன, கணக்கு மாறுகிறது. ஆகவே, கோடையில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு ஒரு முகத்துவாரத்தின் ஆண்டுக் கணக்கைப் போடுவதை நான் ஏற்க மாட்டேன். வெள்ள வாரங்களில் படகு இறக்குவது கஷ்டம்தான். ஆனால் விஷயமே அந்த வாரங்களில்தான் நடக்கிறது.

உடம்பான கார்பனும் நிலைத்து நிற்பதில்லை. வைரஸ்கள் ஒரு நாளில் கடல் நுண்ணுயிர்ப் பொருளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை உடைக்கின்றன. உடைந்தது மறுபடி கரைந்த தீனியாகிறது, அதில் ஒரு பங்கு மறுபடி மூச்சாகிறது. எல்லாம் தின்ற பிறகும் தீண்டப்படாமல் மிஞ்சுவது உண்டு. கடல் முழுவதும் கரைந்திருக்கும் கரிமப் பொருளில் சுமார் 66,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. ஆழ்பசிபிக்கில், கதிரியக்கக் கார்பனை வைத்துக் கணித்த அதன் சராசரி வயது ஏறத்தாழ 6,000 ஆண்டு.

நீங்கள் மாணவராக இருந்து இதைப் புராஜெக்டாக எடுக்க நினைத்தால் ஒன்று சொல்கிறேன். பாக்டீரியாவை மட்டும் பிரிக்க நீரை 0.8 மைக்ரான் வடிகட்டியில் விடுவது வழக்கம். கலங்கிய ஆற்று நீரில் பாக்டீரியா துகள்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் பாதிக் கூட்டம் வடிகட்டியிலேயே நின்றுவிடலாம். அதனால் வடித்த நீர், வடிக்காத நீர் இரண்டிலும் பாட்டில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று பாட்டில், நீர் எடுத்த இடத்தின் வெப்பநிலையிலேயே.