படுவான்கரையில் ஏற்றம் உண்டா?

கடிதம்:

வணக்கம் ஐயா. சுவிஸில் பேர்ணுக்கு அருகே வசிக்கிறேன். சித்திரை, வைகாசியில் விடுமுறை கிடைத்தால் எம்மென்டால் பக்கம் சைக்கிளில் போய்விடுவேன். லோசானிலிருந்து றோர்ஷாக் வரை போகும் 99ஆம் இலக்கச் சைக்கிள் பாதையில் எனக்குப் பிடித்த துண்டு அதுதான். ஒரு குன்று ஏறி இறங்கினால் அடுத்த குன்று. புல்வெளி நிறைய மஞ்சள் பூ, பூத்து நிற்கும் ஆப்பிள் மரங்கள், தாழ்ந்த பெரிய கூரையோடு பண்ணை வீடுகள். ஆடி லீவுக்குப் பன்னிரண்டு வயது மகளோடு மட்டக்களப்புக்கு வருகிறோம். அம்மா வவுணதீவுப் பக்கம் பிறந்தவர். "அங்க என்ன கிடக்கு, சமதரையும் வெயிலும்தான்" என்கிறார். சைக்கிளில் பார்க்க அங்கே ஒன்றுமில்லையா?

பதில்:

அன்பின் தம்பி,

அம்மா சொன்னதில் வெயில் சரி. சமதரை என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாகனத்தில் போகிறவர்கள் எல்லோரும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சமதரை என்றுதான் சொல்வார்கள். சைக்கிள் உழக்குகிறவனுடைய காலுக்குத்தான் உண்மை தெரியும். வாவிக்கரையிலிருந்து மேற்கே போகப் போக நிலம் மெல்ல மெல்ல உயர்கிறது. கண்ணுக்குப் பிடிபடாத அந்தச் சாய்வில்தான் இங்குள்ள வேளாண்மை நடக்கிறது. மேற்கே பெய்கிற மழையைக் குளத்தில் மறிக்கிறார்கள். அது வாய்க்காலில் இறங்கி, வயலுக்கு வயல் பாய்ந்து, மிச்சம் வாவிக்கு வருகிறது.

ஆகவே தண்ணீருக்கு எதிரே போங்கள் என்பேன். நகரிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சைக் குளம். மட்டக்களப்பு நகரத்துக்குக் குழாயில் வரும் குடிதண்ணீரும் அந்தக் குளத்துத் தண்ணீர்தான். குளக்கட்டில் ஏறும்போது நீங்கள் தேடும் ஏற்றம் கிடைக்கும், சிறியதுதான். மேலே நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், தூரத்தில் மலைகள். மறுபக்கம், தண்ணீரின் மட்டத்துக்குக் கீழே, வயல். அந்த உயர வித்தியாசத்தை மகளுக்குக் காட்டுங்கள். எத்தனையோ ஊர்களின் சோறு அதில் இருக்கிறது.

உங்கள் வசந்த காலத்துக்கு ஈடாக இங்கே ஒரு காலம் கேட்டால் மாசியைச் சொல்வேன். மாரி ஓய்ந்து, வாடைக் காற்றின் குளிர்ச்சி இன்னும் போகாமல், மாரி மழையில் விதைத்த பெரும்போக நெல் விளைந்து கிடக்கும். அறுவடை தொடங்கினால் தார் றோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும். காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே பெண்கள் நடப்பார்கள். அதன்மேல் சில்லு படாமல் மற்றப் பாதியால் போவது இங்குள்ள மரியாதை.

நீங்கள் வருவதோ ஆடியில். அதற்காக மனம் தளர வேண்டாம். மாசியில் எல்லாம் ஒரே நிறமாகக் கிடக்கும் நிலம், ஆடியில் இரண்டாகப் பிரிந்துவிடும். குளத்துத் தண்ணீர் பாய்கிற இடத்தில் சிறுபோக நெல் கதிர் முற்றி நிற்கும். மழையை மட்டும் நம்பிய மானாவாரி வயல்கள் வெடித்துக் கிடக்க, மாடுகள் காய்ந்த தாளை மேய்ந்துகொண்டிருக்கும். சில இடங்களில் ஒரே ஒரு வாய்க்கால்தான் இடையில். இந்தக் கரையில் இடுப்பளவு நெற்பயிர், அந்தக் கரையில் புழுதி. சைக்கிளை நிறுத்தி அந்த வாய்க்கால் கட்டில் கொஞ்ச நேரம் இருங்கள். மண்வெட்டியைச் சைக்கிள் பாரில் கட்டி, தேத்தண்ணிப் போத்தலைப் பையில் போட்டு ஹாண்டிலில் தொங்கவிட்டபடி யாராவது வருவார். தண்ணீர் எப்போது திறந்தது, எப்போது மறிப்பார்கள் என்று கேளுங்கள். நான் எழுதுவதைவிட நன்றாகச் சொல்வார்.

குன்றுகள் இங்கே தொடராக வருவதில்லை, வயலுக்கும் காட்டுக்கும் நடுவே தனிப்பாறையாக எழும்பி நிற்கும். கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே தாந்தாமலை அப்படியொன்று. முன்பு மண்முனையில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். 2014இல் பாலம் வந்தபின் நேரே உழக்கிப் போகலாம். ஆடியில் அங்கே முருகனுக்குத் திருவிழா. சனம் நிறைந்த நாளில் போனால் கோயிலைப் பார்க்கலாம், வழியைப் பார்க்க முடியாது. வேறொரு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, கச்சான் காற்று. மேற்கே போகும்போது முகத்தில் அடிக்கும், சூடாகவும் இருக்கும். விடிந்த கையோடு புறப்பட்டு, அது பலக்கும் முன் குளத்தை எட்டிவிடுங்கள். திரும்பும்போது காற்றும் சாய்வும் உங்கள் பக்கம். மற்றது, யானை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பொழுது சாயச் சாய யானைகள் வயலுக்கு இறங்கும். படுவான்கரையில் யானைக்கு ஆளைப் பறிகொடுத்த வீடுகள் பல. பின்னேரம் நான்கு மணிக்கு வாவிப் பக்கம் வந்துவிட வேண்டும். காட்டோரக் கிறவல் றோட்டில் இறங்கும் முன், விடியப்புறம் யானை நின்றதா என்று வயல் காவல் குடிசையான வாடியில் இருப்பவரைக் கேளுங்கள். "போகாதீங்க" என்றால் போகக்கூடாது.

பற்றரிச் சைக்கிள் தேவையில்லை. கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளே போதும், டயர் மட்டும் தடிப்பாக இருக்கட்டும். தண்ணீர் நிறைய எடுங்கள். மகள் ஆயித்தியமலை வரை தாராளமாக உழக்குவாள். அங்கே நிழலில் இருத்தி, குளம் வரை போவதா திரும்புவதா என்பதை அன்றைய காற்றைப் பார்த்து அவளையே முடிவெடுக்க விடுங்கள்.