ஃப்ளை ஃபிஷிங் ரிட்ராக்டர்: எது உழைக்கும், எது அறும்? (கேள்வி பதில்)

ஃப்ளை ஃபிஷிங்கில், அதாவது பூச்சி மாதிரி கட்டிய கொக்கியை வீசி மீன் பிடிப்பதில், நூல் வெட்டும் நிப்பர், கொக்கி கழற்றும் ஃபோர்செப்ஸ் மாதிரி சின்னச் சாமான்களை நெஞ்சோடு மாட்டி வைத்து, இழுத்து வேலை பார்த்து, விட்டால் தானே உள்ளே சுருண்டுகொள்ளும் டப்பிதான் ரிட்ராக்டர். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் கீழே.

ஓசூர்: அண்ணா, கம்பெனி ஐடி கார்டு மாட்டற இழுவை டப்பி, அந்த யோயோ, வீட்டுல நாலஞ்சு கிடக்கு. அதுலயே நிப்பரை மாட்டினா போதாதா?

பழகிப் பார்க்கப் போதும். வருஷக்கணக்கில் உழைக்காது. ஐடி கார்டு சில கிராம்தான். நிப்பர் சுமார் 20 கிராம், ஐந்து இஞ்ச் ஃபோர்செப்ஸ் 30 முதல் 40 கிராம் வரை வரும். அந்த எடைக்கு யோயோவின் ஸ்பிரிங் தொங்கிப்போகும்.

அதைவிடப் பெரிய சிக்கல், நூல் வெளியே வருகிற வாய். கார்டைப் பெரும்பாலும் ஒரே திசையில்தான் இழுப்போம். மீன் பிடிக்கும்போது பக்கவாட்டில், மேலே, குறுக்கே என்று இழுப்போம். ஒவ்வொரு தடவையும் நூல் பிளாஸ்டிக் விளிம்பில் உரசும். நாளடைவில் அங்கே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் ஓரமே கத்தியாகி நூலை அறுக்கும். "நூல் மட்டம்" என்று பலர் நூலைத்தான் திட்டுகிறார்கள், அறுத்தது வாய். கட்டைவிரல் நகத்தை வாயைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தட்டினால் அந்த டப்பி முடிந்தது. வாங்கும்போது வாயில் உலோக வளையம் பதித்ததாக, இழுக்கும் திசைக்குத் தலை திரும்பும் சுழல் கிளிப் உள்ளதாகப் பாருங்கள். நான் பிராண்டுக்கு முன்னால் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

காவேரிப்பட்டணம்: நைலான், கெவ்லார், ஸ்டீல் கேபிள், டைனீமான்னு ஏகப்பட்டது இருக்கு சார். எது எடுக்கலாம்?

நிப்பருக்கும் ஃபோர்செப்ஸுக்கும் என் ஓட்டு டைனீமாவுக்கு. ஸ்பெக்ட்ரா என்று போட்டிருந்தாலும் அதே ரகம்தான். தண்ணீர் குடிக்காது, உரசலைத் தாங்கும், வெயிலுக்கும் சீக்கிரம் சாகாது. குறை இரண்டு: வழுக்கும், சூடு தாங்காது. சாதா முடிச்சு நழுவிவிடும். பாலோமார் முடிச்சு (நூலை இரட்டையாக மடித்து வளையத்தில் கோத்துப் போடுவது) போட்டு, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். நுனியை லைட்டரால் சுடும்போது முடிச்சுப் பக்கம் தீ போகக் கூடாது.

கெவ்லார் நல்ல பலம், உருகாது. ஆனால் வெயிலும் மணலும் அதற்கு எதிரி. மஞ்சள் நூல் பழுப்பாகிக்கொண்டே வந்தால் வெயில் தின்கிறது என்று பொருள். ஒரே இடத்தில் மடிந்து மடிந்தும் நார் விட்டுப்போகும்.

ஸ்டீல் கேபிளைப் பிளையர் மாதிரி கனமான சாமானுக்கு வையுங்கள், அதுவும் நைலான் உறை போட்டதாக. உரசலுக்கு அசையாது, ஆனால் ஒருமுறை மடிப்பு விழுந்தால் அதே இடத்தில் இழை இழையாக ஒடியும், ஒடிந்த முனை விரலில் குத்தும். கேபிள் முனையை நசுக்கிப் பிடித்திருக்கும் உலோகக் குழாயையும் பாருங்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். சாதா நைலான் வேண்டாம்.

பாலக்கோடு: ஸ்பிரிங் இழுவை அதிகமா இருந்தா நல்லதுதானே?

இல்லை. இழுவை அதிகமானால் டிப்பெட்டை (கொக்கி கட்டும் மெல்லிய நுனி நூலை) வெட்டும்போது ஒரு கை ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டும். கை நழுவினால் நிப்பர் வேகமாகப் போய் டப்பியில் மோதும், வாயும் முடிச்சும் சேதமாகும். குறைந்தால் சாமான் ஒரு சாண் தொங்கி, வீசும் லைனில் சிக்கும்.

அடுப்படித் தராசில் சாமானை வளையத்தோடு நிறுத்துப் பாருங்கள். அதைவிடக் கொஞ்சம் கூடுதலான எடையைத் தாங்கும் ரிட்ராக்டர் போதும். கடையிலேயே சாமானை மாட்டி, முழுசாக இழுத்து, கையோடு மெதுவாக விடுங்கள். கடைசி விரற்கடை வரைக்கும் உள்ளே போய் ஒட்டி நிற்க வேண்டும். நீளம் 50 முதல் 60 சென்டிமீட்டர் தாராளம்.

ஊத்தங்கரை: ஒரே ரிட்ராக்டர்ல ரெண்டு சாமான் மாட்டலாமா?

வேண்டாம். ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும், எடையும் கூடும். சாமானுக்கு ஒரு ரிட்ராக்டர்.

பென்னாகரம்: பரிசல்ல போறப்ப எங்க மாட்டறது?

லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டை வாரில், கிளிப் போட்டு. பக்கிளை மறைக்கிற இடத்தில் வேண்டாம், அவசரத்தில் கழற்ற முடியாது. இடுப்பில் மாட்டினால் உட்கார்ந்து எழும்போது பரிசலின் மூங்கில் பின்னலில் வளையம் மாட்டும். ரிட்ராக்டரை வாரோடு நேராகக் கோக்காமல் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் டை ஒன்றைப் போடுங்கள், கையால் வெடுக்கென்று இழுத்தால் அறுகிற அளவுக்கு. தண்ணீரில் விழுந்து எதிலாவது சிக்கினால் அது அறுந்து ஆளை விடும். டப்பி போனால் போகட்டும்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஒகேனக்கல் காட்டுப் பகுதி 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டியது. வனத்துறையைக் கேட்காமல் அங்கே தூண்டில் போடக் கூடாது. காவிரியின் திமில் மஹசீர் மீன் அழியும் விளிம்பில் இருக்கிறது. தற்செயலாக மாட்டினாலும் மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள். ஃபோர்செப்ஸ் சட்டென்று கைக்கு வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சூளகிரி: கெலவரப்பள்ளி பக்கம் போய் வந்தா நூல் பிசுபிசுன்னு ஆயிடுது. எப்படிக் கழுவறது?

தென்பெண்ணையில் நுரை வருகிற நாளில் அது ரசாயனம் கலந்த தண்ணீர். அன்றைக்கே கழுவ வேண்டும். நூலை முழுக்க இழுத்து, துணி மாட்டும் கிளிப்பை வாயை ஒட்டிப் போட்டால் உள்ளே போகாது. ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு நல்ல தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம். நம்ம பக்கத்துப் போரில் உப்பு அதிகம், காய்ந்ததும் வாயிலும் ஸ்பிரிங்கிலும் வெள்ளையாகப் படியும். ஒகேனக்கல் குடிநீரோ மழைத் தண்ணீரோ ஒரு சொம்பு போதும். நிழலில் காய்ந்ததும் கிளிப்பை எடுத்துவிடுங்கள். நாள்கணக்கில் இழுத்தே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துபோகும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அரூர்: நூல் அறுந்தா புதுசுதான் வாங்கணுமா?

பெரும்பாலும் சாமான் பக்கத்துக் கடைசி நாலு விரற்கடையில்தான் அறும். நார் பிரிந்தது கண்ணில் பட்டதுமே வாயை ஒட்டிக் கிளிப் போட்டு, பழுதை வெட்டி, சின்ன ரப்பர் மணி ஒன்றைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். மணி வாயில் மோதும், முடிச்சு தப்பிக்கும்.

நூல் உள்ளே போய்விட்டால், ஒட்டி மூடிய டப்பியைப் பெயர்க்காதீர்கள். ஸ்பிரிங் பட்டை பிளேடு மாதிரி, தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. திருகு போட்டதை மட்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு திறக்கலாம். புது நூலைக் கட்டி உருளையில் சுற்றிவிட்டு, நுனியை வாய்வழியே எடுப்பதற்கு முன் உருளையை ஸ்பிரிங் இறுகும் பக்கமாக இரண்டு மூன்று சுற்று கூடுதலாகத் திருப்புங்கள். அப்போதுதான் நூல் முழுக்க உள்ளே இருக்கும்போதும் இழுவை இருக்கும். மூடிய பிறகு நூலைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். நூல் தீர்வதற்கு முன்னாலேயே ஸ்பிரிங் இறுகி நின்றுவிட்டால், ஒரு சுற்றைக் குறையுங்கள். அப்படியே விட்டால் ஸ்பிரிங்கின் உள்முனைக் கொக்கி ஒடியும், அதற்கு மாற்று கிடையாது.