இது என் வேலையா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உயிரி இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். புரதங்களின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது வேலை. எங்கள் நிறுவனத்தில் எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் உள்ள குரோமாக்ஸ் (இந்த அசைவைக் கணக்கிடும் மென்பொருள்) மிகப் பழசு. புதியதை நானே நிறுவப் பார்த்தேன். இணையத்தில் சொன்னபடி நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கட்டளையைப் போட்டால் அனுமதி இல்லை என்கிறது. ஒருவழியாக என் ஹோம் டைரக்டரியிலேயே கம்பைல் செய்துவிட்டேன். எல்லோரும் உள்ளே நுழையும் கணினியான லாகின் நோடில் ஓடுகிறது. கணக்குப் போடும் நோடுகளுக்கான வரிசையில் ஜாபாகப் போட்டால் எடுத்த எடுப்பிலேயே ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று செத்துவிடுகிறது. அட்மினுக்கு எழுதினால் பதில் இல்லை. கோண்டா போடு என்கிறார் ஒருவர், ஸ்பேக் போடு என்கிறார் இன்னொருவர், இரண்டும் மென்பொருள் நிறுவித் தரும் கருவிகளாம். பேப்பரில் வேகம் இத்தனை பெட்டாஃப்ளாப் என்று பெருமையாகப் போடுகிறார்கள், இங்கே ஒரு மென்பொருளை ஓடவைக்க முடியவில்லை. நான் படிக்க வந்தது புரதத்தை. இதெல்லாம் என் வேலையா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். மற்றதை எல்லாம் சட்டென்று முடித்துவிடுகிறேன்.

சூடோ விஷயத்தை மறந்துவிடுங்கள். பொது இயந்திரத்தில் அதைக் கேட்பது, ஒரு வீட்டில் வாடகைக்கு இருப்பவர் மொத்த அடுக்ககத்தின் மெயின் சுவிட்சைக் கேட்பது போல. அட்மின் பதில் போடவில்லை என்கிறீர்கள். ‘குரோமாக்ஸ் ஓடவில்லை, உதவவும்’ என்று ஒற்றை வரி எழுதியிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். ஜாப் எண், லோட் செய்த மாட்யூல்களின் (இயந்திரத்தில் ஏற்கெனவே நிறுவி வைத்திருக்கும் மென்பொருள்கள்) பட்டியல், முழு எரர் கோப்பு, மூன்றையும் வைத்து எழுதிப் பாருங்கள். கோண்டாவா ஸ்பேக்கா என்பதில் எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. கோண்டா ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகளைக் கொட்டும், ஹோமில் உங்கள் கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால் அதிலேயே முட்டும். ஸ்பேக் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் இதே தலைவலிக்காக எழுதப்பட்டது, ஆனால் பழகப் பொறுமை வேண்டும். அவ்வளவுதான்.

இனி அந்த எரர். உங்கள் லாகின் நோடின் பிராசசர் புதியதாக இருக்கும், கணக்குப் போடும் நோடுகள் ஒரு தலைமுறை பழையவை. கம்பைல் செய்யும்போது குரோமாக்ஸ் தான் உட்கார்ந்திருக்கும் பிராசசரைப் பார்த்து, அதற்கு ஏவிஎக்ஸ்-512 என்ற ஆணைத் தொகுப்பு தெரியும் என்றால் அந்த ஆணைகளையே போட்டுவிடும். பழைய பிராசசருக்கு ஏவிஎக்ஸ்2 வரைதான் தெரியும். புரியாத ஆணை வந்ததும் நிறுத்திவிடுகிறது. ஆகவே நேரடியாகக் கட்டளை தட்ட விடும் ஓர் இன்டராக்டிவ் ஜாப் எடுத்து, கம்ப்யூட் நோடிலேயே கம்பைல் செய்யுங்கள். அங்கே பெரும்பாலும் இணையம் இருக்காது. குரோமாக்ஸைத் தானே எஃப்எஃப்டிடபிள்யூ என்ற கணித நூலகத்தை இறக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் நின்றுவிடும். மாட்யூலில் இருக்கும் எஃப்எஃப்டிடபிள்யூவைக் காட்டிவிடுங்கள்.

ஒன்று கவனித்தீர்களா? இந்த எரர் உங்களை ஏமாற்றவில்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செத்தது. இதற்கா இவ்வளவு புலம்பல்? நான் பயப்படுவது ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஜாபுக்குத்தான்.

நான் வேலை செய்த ஓர் இடத்தில், ஒரு பையன் டெர்மினலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். திரையில் அவனுடைய டைரக்டரி. குரோமாக்ஸ் தன் ஓட்டத்தைப் பதியும் எம்டி.லாக் என்ற கோப்பு ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் #எம்டி.லாக்.1#, #எம்டி.லாக்.2# என்று ஹேஷ் குறி போட்ட கோப்புகள் திரை வழிய நிறைந்திருந்தன. குரோமாக்ஸுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. அதே பெயரில் கோப்பு இருந்தால் அழிக்காது, ஹேஷ் குறி போட்டு ஒதுக்கிவைத்துவிட்டுப் புதியதை எழுதும். அப்படியானால் இத்தனை பேர் யார் எழுதுகிறார்கள்? திரும்பி வந்தவனைக் கேட்டேன். “ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்கு, கொஞ்சம் ஸ்லோ” என்றான்.

ஸ்லோதான். எம்பிஐ (பல கோர்கள் தங்களுக்குள் பேசி வேலையைப் பங்கு போட உதவுவது) ஆதரவு இல்லாமல் கம்பைல் செய்த குரோமாக்ஸை எம்பிஐரன் போட்டு பிராசசரின் நாற்பது கோரில் கிளப்பியிருக்கிறான். ஒரு கணக்கை நாற்பதாகப் பங்கு போடவேண்டியவர்கள், ஒருவருக்கொருவர் இருப்பதே தெரியாமல், ஆளுக்கு ஒரு முழுக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடை தப்பில்லை, எரர் இல்லை, எவரும் அலறவில்லை. வெளியே மற்றவர்களின் ஜாப்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. மாதக் கடைசியில் வரும் பயன்பாட்டு அறிக்கையைப் பார்த்தால் அந்த நாற்பது கோரும் நூறு சதவீதம் உழைத்ததாகத்தான் இருக்கும்.

பெட்டாஃப்ளாப் என்றீர்களே, அதில் எனக்கும் வருத்தம் உண்டு. 2022-இல் பெங்களூரு ஐஐஎஸ்ஸியில் பரம் பிரவேகா வந்தபோது 3.3 பெட்டாஃப்ளாப் என்று எழுதினார்கள். திருச்சி என்ஐடியில் பரம் பொருள் வந்தபோது 838 டெராஃப்ளாப், ஒரு பெட்டாஃப்ளாப்புக்குக் கொஞ்சம் குறைவு. வாங்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது இயந்திரத்தின் உச்ச வேகம். அந்தப் பையனின் நாற்பது கோருக்கும் அப்படி ஓர் உச்ச வேகம் இருந்தது.

அங்கே விடையாவது சரியாக இருந்தது. அதுவும் தப்பினால்? மூலக்கூறின் அமைப்பை அறிய உதவும் என்எம்ஆர் கணக்குகளுக்காக 2014-இல் சில பைத்தான் ஸ்கிரிப்டுகள் வெளியாயின, பல ஆய்வுக் குழுக்கள் எடுத்துப் பயன்படுத்தின. 2019-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, அதே ஸ்கிரிப்ட், அதே தரவு, ஆனால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாறினால் விடை மாறுகிறது என்று கண்டுபிடித்தது. காரணம் அற்பமானது. ஸ்கிரிப்ட் கோப்புப் பட்டியலைக் கேட்கும், அது வரிசைப்படிதான் வரும் என்று நம்பும். சில சிஸ்டங்கள் அப்படித் தரும், சில தராது. கோப்புகள் இடம் மாறினால் ஒன்றின் எண் இன்னொன்றோடு சேர்ந்துவிடும். அந்த ஐந்து வருடமும் திரையில் ஒரு எச்சரிக்கை வந்திருக்காது.

இதை அட்மின் கண்டுபிடிப்பாரா? அவருக்கு உங்கள் ஜாப் முடிந்ததா இல்லையா என்பது தெரியும். அந்தப் புரதம் அப்படி மடங்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இது உங்கள் வேலை. இவ்வளவு பெரிய கடிதத்தில் ‘மேக் செக்’ என்ற சோதனைக் கட்டளை ஓரிடத்தில்கூட இல்லை, கவனித்தீர்களா? கம்பைல் ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு நேரே ஜாப் போட்டிருக்கிறீர்கள். குரோமாக்ஸ்காரர்கள் மெனக்கெட்டு அத்தனை சோதனைகளை எழுதி உள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டளை, ஒரு டீ குடிக்கும் நேரம். அதைச் செய்யாமல் ஆய்வுக் கட்டுரையில் ‘குரோமாக்ஸ் கொண்டு கணக்கிடப்பட்டது’ என்று எழுத எப்படி மனசு வரும்? உங்களை மட்டும் திட்டவில்லை, உங்கள் வழிகாட்டியிடமும் இதைக் கேட்கலாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். புரதம் படிக்க வந்த இடத்தில் ராத்திரி பகலாக எரர் செய்தியோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு சோர்வு என்று தெரியும். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதும் இல்லை. ஆனாலும் தனியாக ஹோம் டைரக்டரியில் கம்பைல் செய்து லாகின் நோடில் ஓடும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டீர்களே, அது சின்ன விஷயம் இல்லை.

கம்ப்யூட் நோடில் கம்பைல் ஆனதும் மேக் செக் ஓட்டுங்கள். அப்புறம் சின்னக் கணக்கு ஒன்றை ஒரு கோர், இரண்டு கோர், நான்கு கோர் என்று போட்டு லாக் கோப்பின் அடியில் ஒரு நாளைக்கு எத்தனை நானோசெகண்ட் அசைவைக் கணக்கிட முடிகிறது என்று வருவதைப் பாருங்கள். கோர் கூடக்கூட அந்த எண் ஏறவில்லை என்றால் பெரிய ஜாப் போடாமல் எனக்கு எழுதுங்கள், மாட்யூல் பட்டியலையும் லாக் கோப்பையும் சேர்த்து.