கல்லும் தாரும்: வாசகர் கேள்வி – பதில்

(சாலை, பாலம், கட்டட வேலைகளில் 28 ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர் இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டிப்ளமோ சிவில் முடித்து ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. 4 கிலோமீட்டர் மாவட்ட இதர சாலையை அகலப்படுத்தும் வேலைக்குத் தரத் திட்டம் எழுதித் தரச் சொல்கிறார்கள். பழைய வேலையின் ஃபைல் ஒன்றைக் கொடுத்து, பெயரை மாற்றினால் போதும் என்கிறார்கள். 90 பக்கம். அதில் உண்மையில் என்ன இருக்க வேண்டும்?
– வாசகர், வேடசந்தூர்

பதில்: தம்பி, கேட்க வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். அந்த 90 பக்கத்தை ஓரமாக வையுங்கள். பெயர் மாற்றிய ஃபைல்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை என் மேசைக்கு வந்த திட்டத்தில், பாலமே இல்லாத சாலைக்குப் பைல் அஸ்திவாரச் (பாலத்தைத் தாங்க ஆழத்தில் இறக்கும் தூண்) சோதனை ஆறு பக்கம் இருந்தது. நான்கு பேர் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். மண்ணின் ஈரப்பதச் சோதனையை மட்டும் காணோம்.

எந்த அடுக்கில் எதைச் சோதிப்போம், எத்தனை முறை, யார் செய்வார், எந்த எண் வந்தால் தேறியது, தேறாவிட்டால் என்ன செய்வோம் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதிவைப்பதுதான் தரத் திட்டம். பெரும்பாலான ஃபைல்களில் கடைசிக் கேள்விக்குப் பதிலே இருக்காது. நீங்கள் அதிலிருந்து எழுத ஆரம்பியுங்கள். சோதனைகளின் எண்ணிக்கையும் அளவும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பில் 900ஆம் பிரிவில் இருக்கின்றன. இந்தியச் சாலைக் காங்கிரசின் எஸ்.பி. 57 என்ற ஏடு, வேலையின் அளவையும் முக்கியத்துவத்தையும் பொறுத்துத் தர உறுதியை க்யூ-1 முதல் க்யூ-4 வரை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. நான்குவழிச் சாலைக்கு எழுதியதை உங்கள் சாலைக்குப் போட்டால் யாரும் அதைப் பின்பற்ற மாட்டார்கள்.

திட்டத்தின் உயிர் 'ஹோல்டு பாயின்ட்'. கையெழுத்து விழாமல் இதைத் தாண்டக் கூடாது என்று வேலையை நிறுத்திவைக்கும் இடம் அது. உங்கள் வேலைக்கு நான்கு போதும் என்பது என் கருத்து.

முதலாவது, அகலப்படுத்தும் பகுதியின் மண் படுகை. மேல் 500 மில்லிமீட்டர் மண், ஆய்வகத்தில் கிடைத்த அதிகபட்ச அடர்த்தியில் 97 சதவீதத்துக்கு இறுகியிருக்க வேண்டும். சிறிய குழி ஒன்று எடுத்து, தோண்டிய மண்ணை ஈரம் போகாமல் பாலித்தீன் பையில் கட்டி எடை போடுங்கள். பிறகு சிலிண்டரில் உள்ள சீரான மணலைக் குழிக்குள் விட்டு, எவ்வளவு கொள்கிறது என்று பாருங்கள். குழியின் கொள்ளளவு தெரிந்துவிடும், அடர்த்தியும் கிடைத்துவிடும். எந்த இடத்தில் குழி எடுப்பது என்பதை ரோலர் ஓட்டுநரோ மேஸ்திரியோ முடிவு செய்யக் கூடாது. பழைய சாலையும் புதிய அகலமும் சேரும் ஓரத்தில் கட்டாயம் ஒன்று எடுங்கள். அகலப்படுத்திய சாலைகளில் முதல் விரிசல் அந்தக் கோட்டில்தான் நீளவாக்கில் விழும்.

இரண்டாவது, வெட் மிக்ஸ் (ஜல்லியைத் தண்ணீரோடு கலந்து போடும்) அடுக்கின் மேற்பரப்பு. 98 சதவீத அடர்த்தி. அதன்மேல் பிரைம் கோட் (கல் அடுக்கில் ஊறும் முதல் தார்ப் பூச்சு) அடிக்கும் முன் தூசியை ஊதித் தள்ளிக் கல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அடித்த பிறகு 24 மணி நேரம் விட வேண்டும். மூன்றாவது, டாக் கோட், அதாவது அடுத்த அடுக்கு ஒட்டுவதற்கான பூச்சு. எமல்ஷனை (தண்ணீரில் கலந்த தார்) அடித்ததும் சாலை காப்பிப் பொடி நிறத்தில் இருக்கும். அது கறுப்பாக மாறினால்தான் தண்ணீர் பிரிந்து தார் ஒட்டத் தயாராகிவிட்டது என்று பொருள். பழுப்பாக இருக்கும்போதே லாரியை ஏற்றினால் தார் முழுவதும் டயரோடு போய்விடும்.

நான்காவது, தார்க்கலவை ஏற்றிவரும் ஒவ்வொரு லாரியும். வி.ஜி.-30 ரகத் தார் என்றால் பிளான்ட்டில் கலவை 150 முதல் 165 டிகிரிக்குள் இருக்க வேண்டும். விரிக்கும்போது 140க்குக் குறையக் கூடாது. 90 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் ரோலர் வேலை முடிய வேண்டும். தார் அளவில் 0.3 சதவீதம்தான் ஏறலாம், இறங்கலாம். இது சின்ன எண் போலத் தெரியும். கணக்குப் போடுங்கள்: 3.75 மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் கனம் என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 270 டன் கலவை. அதில் 0.3 சதவீதம் என்பது 800 கிலோவுக்கு மேல் தார். உங்கள் 4 கிலோமீட்டருக்கு மூன்று டன்னைத் தாண்டும்.

ஒவ்வொரு இடத்திலும் யார் கையெழுத்து, அவர் இல்லாத நாளில் யார் என்று பதவியோடு எழுதுங்கள். அட்டவணையில் அக்டோபர் பாதிக்குப் பிறகு தார் வேலையே வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை நம் பட்டியலைப் பார்த்து வருவதில்லை. எல்லாம் சேர்த்து 12 பக்கத்தில் அடங்கும். அதில் நான்கு பக்கத்தைத் தமிழில் எழுதி மேஸ்திரி கையில் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் சாலையில் ஒரே இடத்தில் வருடம் தவறாமல் குழி விழுகிறது. வருடம் தவறாமல் மூடுகிறார்கள். ஏன் நிற்பதில்லை?
– வாசகர், கோவில்பட்டி அருகே

பதில்: மூடுவது குழியை, ஐயா. குழியை உண்டாக்கும் தண்ணீர் அங்கேயே இருக்கிறது. மழை பெய்யும்போது குடையோடு போய்ப் பத்து நிமிடம் அந்த இடத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றைப் பார்ப்பீர்கள். சாலை ஓரத்து மண் தோள் புல்லும் மண்ணும் சேர்ந்து தார் மட்டத்தைவிட உயர்ந்திருக்கும். வழியப் பாதை இல்லாமல் தண்ணீர் தார் ஓரத்திலேயே தேங்கும். இல்லாவிட்டால் பக்கத்துச் சிறுபாலத்தின் (கல்வெர்ட்) வாய் அடைத்திருக்கும். வெயில் காலத்திலும் அங்கே ஈரம் இருந்தால், கீழே குடிநீர்க் குழாய் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கம் கரிசல் பூமி. நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். தாருக்கு அடியில் அது களியாகிவிட்டால் மேலே எத்தனை கூடை ஜல்லி கொட்டினாலும் உள்ளே போகும். அந்த இடத்தில் மட்டும் நல்ல மண் தட்டும்வரை வெட்டி எடுத்து, கிராவலும் கல்லும் அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கித்தான் மேலே வர வேண்டும்.

மூடும் முறையிலும் தவறு நடக்கிறது. உருண்டைக் குழியில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவது ஒட்டாது. குழியைச் சுற்றி நல்ல தார் வரும்வரை சதுரமாக, ஓரம் செங்குத்தாக வெட்ட வேண்டும். தூசியும் ஈரமும் போக வேண்டும். அடியிலும் நான்கு சுவரிலும் எமல்ஷன் பூச வேண்டும். கலவை பக்கத்துச் சாலையைவிட ஒரு நூல் மேலே நிற்கிற அளவுக்குப் போட்டு இறுக்க வேண்டும். வண்டி ஓட ஓட அது சமமாகும்.

இதெல்லாம் பராமரிப்புக்கான தரத் திட்டத்தில் வர வேண்டியவை. புதுச் சாலைக்குத் திட்டம் எழுதும் இடங்களில்கூடப் பராமரிப்புக்கு எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். மண்வெட்டியோடு தன் எல்லையை நடந்தே பார்க்கும் சாலைப் பணியாளர் ஆகஸ்ட், செப்டம்பரில் தோள் மண்ணைச் சீவிச் சிறுபாலத்தின் வாயைத் திறந்துவிட்டால், டிசம்பரில் மூட வேண்டிய குழிகளில் பாதி விழாது.

கேள்வி: ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்கிறது. கட்டியபோது மூன்று படி ஏறி வீட்டுக்குள் போனோம். இப்போது ஒரு படி இறங்குகிறோம். மழை நீர் கூடத்துக்குள் வருகிறது.
– வாசகி, மேற்குத் தாம்பரம்

பதில்: அம்மா, இது சகித்துக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கு போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். இயந்திரத்தால் இப்படிச் சுரண்டுவதை 'மில்லிங்' என்பார்கள். வேலை தொடங்கும் அன்றே உங்கள் வாசல் படிக்கட்டில் பழைய சாலை மட்டத்தைப் பெயின்டால் கோடு போட்டுப் படம் எடுத்து, உதவிப் பொறியாளரிடம் காட்டுங்கள். தெருவில் பத்து வீட்டில் கோடு இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: வீட்டுத் தளத்துக்கு ரெடிமிக்ஸ் 9 கன மீட்டர் வாங்குகிறோம். இவ்வளவு சின்ன வேலைக்கும் சோதனைக்குக் கான்கிரீட் க்யூப் எடுக்க வேண்டுமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: எடுக்க வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கணக்குப்படி 6 முதல் 15 கன மீட்டர்வரை இரண்டு மாதிரி. மாதிரிக்கு மூன்று க்யூப், ஆக ஆறு. 150 மில்லிமீட்டர் அச்சில் மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 குத்து. 28ஆம் நாள் ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்க வேண்டும். பம்ப் அடைக்கிறது என்று யாராவது லாரி டிரம்முக்குள் ஹோஸைத் திருப்பினால் உடனே தடுங்கள். அந்தத் தண்ணீர் உங்கள் தளத்தின் பலத்தைக் குறைக்கும். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் வெயில் காலத்தில் 14 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் கட்டி வையுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் சாலை நல்லதா?
– வாசகர், அறந்தாங்கி

பதில்: நல்லதுதான். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை அது. அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும். பிறகு தார் சேர்ப்பார்கள். தண்ணீர் கல்லிலிருந்து தாரைப் பிரிப்பது குறையும். பி.வி.சி. மட்டும் கலக்கக் கூடாது. ஆனால் அடி மண் சரியில்லாத சாலையை எந்தப் பிளாஸ்டிக்கும் காப்பாற்றாது.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் போட்ட சாலை நான்கே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. கேட்டால் எல்லாச் சோதனையும் செய்தாயிற்று என்கிறார்கள். நாங்கள் எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகர், உளுந்தூர்பேட்டை

பதில்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜே)-யைப் படியுங்கள். காகித நகல் மட்டுமல்ல, வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் அது உரிமை தருகிறது. இதைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை. எஸ்டிமேட், எம்-புக் (அளவுப் புத்தகம்), சோதனைப் பதிவேடு, கான்ட்ராக்டரே குறையைச் சரிசெய்து தர வேண்டிய காலம் எதுவரை என்ற விவரம், இந்த நான்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பதிவேடு வந்ததும் எண்களைப் பாருங்கள். எல்லா லாரியும் 152 டிகிரி, எல்லாக் குழியும் 98.2 சதவீதம் என்று இருந்தால் அது சைட்டில் எழுதியது அல்ல. உண்மையான சைட்டில் எண்கள் ஏறி இறங்கும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை என்றால் 5 ஆண்டுப் பராமரிப்பும் அதே கான்ட்ராக்டருடையது.

கேள்வி: சைட் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரீடிங்கை ஆபீசில் உட்கார்ந்து நிரப்பினால் போதும், வேலையை நிறுத்தாதே என்கிறார்கள். வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி (ஊர் வேண்டாம் என்கிறார்)

பதில்: மகளே, உன் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். 2011 டிசம்பரில் ஒரு தனியார் நிறுவனத்தில் நானும் இதே நாற்காலியில் இருந்தேன். இரவு வேலை. வழியில் பழுதாகி நின்ற லாரி ஒன்று இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தது, தார்ப்பாய்கூடப் போடாமல். தெர்மாமீட்டரைக் கலவைக்குள் செருகினேன். 118. மேல் பக்கம் கட்டி தட்டியிருந்தது. பேவர் (கலவையை விரிக்கும் இயந்திரம்) காத்திருக்கிறது, 14 டன் கலவையைத் திருப்பி அனுப்பினால் யார் பதில் சொல்வது என்றார்கள். நான் பதிவேட்டில் 142 என்று எழுதினேன். அடுத்த மழைக்காலம் முடிந்தபோது அந்த 60 மீட்டர் மட்டும் ஜல்லி ஜல்லியாகப் பெயர்ந்து கிடந்தது. அங்கே பைக் சறுக்கிப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குக் கை முறிந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் திட்டத்தில் லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்று எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் அந்த இரவு எனக்குப் பிடிமானம் இருந்திருக்கும். ஆனால் 142ஐ எழுதியது என் கை.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் வேலையின் தரத் திட்டத்தை வாங்கிப் படி. அதில் உன் பதவிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார். ஒன்றும் இல்லாவிட்டால், "140க்குக் கீழே வரும் லாரியை யார் நிறுத்துவது?" என்று புராஜெக்ட் மேனேஜருக்கு எழுத்தில் கேள். கேள்வியாகவே கேள், புகாராக வேண்டாம். ரீடிங்கை லாரி பக்கத்தில் நின்றே பேனாவால் எழுது. லாரி எண், மணி, டிகிரி மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும். தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்திடு, வெள்ளை மை பூசாதே. முடிந்தால் தெர்மாமீட்டர் கலவையில் இருக்கும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொள். அதன் பிறகும் நெருக்கினால் எனக்கு மறுபடி எழுது. வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று வரி வரியாகச் சொல்லித் தருகிறேன்.